தவணை நெறியும் தொடர் நெறியும்

லினக்ஸ் இயங்குதளத்தைத் தொழிலுக்காகவோ ஆர்வத்துக்காகவோ கையாளுகிறவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து சேரும் வழக்கு ஒன்று உண்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை எல்லா மென்பொருள்களையும் ஒருங்கே ஆராய்ந்து, பூட்டி, எண்ணிட்டு வெளியிட்டு, அடுத்த வெளியீடு வரும் வரையில் பழுது நீக்குவதைத் தவிர வேறெதையும் தொடாமல் காத்து வருவது நல்லதா. அல்லது மென்பொருளை எழுதியவர் புதிய பதிப்பை வெளியிட்ட சில நாட்களுக்குள்ளாகவே அதை வாங்கிச் சேர்த்து, வெளியீட்டு எண் என்பதே இல்லாமல் இடையறாது புதுப்பித்துக்கொண்டே போவது நல்லதா என்பதே அவ்வழக்கு. முன்னதை ஃபிக்ஸட் ரிலீஸ் என்றும் பின்னதை ரோலிங் ரிலீஸ் என்றும் துறையினர் சொல்லுவர். இக்கட்டுரையில் தவணை நெறி என்றும் தொடர் நெறி என்றும் வழங்குவோம். டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் ஆகியவை முதல் நெறிக்குப் பிரசித்தமானவை; ஆர்ச், ஜென்டூ, ஓபன்சூசே டம்பிள்வீட் ஆகியவை இரண்டாம் நெறிக்கு. எதைத் தேர்வது என்று கேட்பவர்க்கு நன்மை தீமைகளை அட்டவணையிட்டுக் கொடுப்பதே இன்று சம்பிரதாயமாகிவிட்டது. இந்நெறிகள் எந்த நிர்ப்பந்தத்தால் பிறந்தன, அவற்றைத் தாங்கி நிற்பது யாருடைய உழைப்பு என்னும் சரித்திரத்தை ஒருமுறை அறிந்துகொண்டவர்க்கு அந்த அட்டவணை வேண்டியிராது என்பது என் துணிபு.

லினக்ஸ் என்பது தொடக்கத்தில் முழு இயங்குதளமன்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதி வெளியிட்டது, வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நின்று காரியங்களை நடத்தும் கெர்னல் என்னும் உட்கரு மட்டுமே. அதனோடு சேரவேண்டிய கட்டளைக் கருவிகளையும் கம்பைலரையும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ இயக்கம் முன்னரே பெரும்பாலும் ஆக்கி வைத்திருந்தது. வலைத்தொடர்பு நிரல்களும் திரைக்குரிய நிரல்களும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்தன. ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத பலர் தத்தம் விருப்பத்திலும் தத்தம் வேகத்திலும் எழுதிய இவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று முரணாதபடி பொருத்தி, சாமானியர் ஒருவர் தம் கணினியில் ஏற்றிக்கொள்ளும் வடிவில் கொடுப்பதற்கு ஓர் இடையாளர் தேவைப்பட்டார். அந்த இடையாளரின் தொழிலே விநியோகம் ஆயிற்று. டிஸ்ட்ரோ என்று சுருக்கமாகச் சொல்லுவது அதனைத்தான். எழுதுகிறவர்களோ ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர்களோ ஓயாமல் மாறுகின்ற ஒன்றை நம்பித் தம் வேலையை நடத்தத் தயங்குகிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்கும் விநியோகஸ்தர், மேலிருந்து வரும் மாற்றத்தை எந்த இடத்தில், எத்தனை காலம் நிறுத்தி வைப்பது என்பதே வழக்கின் மூலம்.

முதற்காலத்தில் இக்கேள்விக்கு விடை சொல்லியது சரக்கை ஏற்றிச் சென்ற சாதனமே. 1992-இல் பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்த எஸ்.எல்.எஸ். என்னும் விநியோகம் ஃபிளாப்பித் தட்டுகளாகவே பெரும்பாலும் கைமாறியது. ஒரு தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். பல்கலைக்கழக வலைத்தொடர்பு வாய்த்த சிலர் நேரே இறக்கிக்கொண்டனர் என்றாலும், மற்றவர்க்கு அடுக்கு அடுக்காகத் தட்டுகளைப் படியெடுத்து, ஒவ்வொன்றாகச் செருகி நிறுவுவதே ஒரு நாள் வேலை. அப்படி நிறுவியவர் மறுவாரமே புதுப்பிக்க எண்ணுவாரா? அடுத்த அடுக்கு கையில் கிடைக்கும் வரையில் இருப்பதைக்கொண்டு நடத்தினார். தவணை நெறி ஒரு சித்தாந்தமாகப் பிறக்கவில்லை. தபாலிலும் கைப்பையிலும் பயணம் செய்த பொருளுக்கு வேறு நெறி சாத்தியமில்லாதிருந்தது.

எஸ்.எல்.எஸ்.ஸில் பிழைகள் மலிந்திருந்தன. அதன்மேல் உண்டான அதிருப்தியிலிருந்தே, 1993-ஆம் ஆண்டின் கோடையில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு விநியோகங்கள் பிறந்தன. இரண்டும் இன்றுவரை உயிரோடிருப்பவை. மினசோட்டா மாநிலத்தில் மாணவராயிருந்த பேட்ரிக் வோல்கெர்டிங், எஸ்.எல்.எஸ்.ஸைத் திருத்தித் திருத்தி, ஜூலையில் ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளியிட்டார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயான் மர்டாக், தமக்கு நெருங்கியவரான டெப்ராவின் பெயரோடு தம் பெயரைச் சேர்த்து, ஆகஸ்டு 16-ஆம் நாள் டெபியனை அறிவித்தார். ஸ்லாக்வேர் ஒரு தனிமனிதரின் சிரத்தையால் நடந்தது. டெபியனோ பலர் கூடி, ஒவ்வொருவரும் சில பேக்கேஜுகளுக்கு, அதாவது பொதிகளுக்கு, பொறுப்பேற்று நடத்தும் ஒரு சமுதாயமாக வளர்ந்தது. ஆகவே தவணை என்னும் பிரச்சினையின் கூர்மை முழுவதும் டெபியனில்தான் வெளிப்பட்டது. ஒருவருடைய தீர்மானத்துக்கு வெளியீட்டு நாள் கட்டுப்பட்டிருந்தால் அவர் நினைத்த நாளில் வெளியிடலாம். நூற்றுக்கணக்கானவர் தத்தம் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை எல்லாம் ஒரே நாளில் நேராக நிற்கவேண்டும் என்றால் அது எளிதில் கைகூடுவதன்று.

1995 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. லினக்ஸ் சி.டி.க்களை விற்றுவந்த ஒரு நிறுவனம், டெபியன் குழுவினர் இன்னும் திருத்திக்கொண்டிருந்த பணித்தொகுப்பை எடுத்து, அதற்கு 1.0 என்று தானே எண்ணிட்டுத் தட்டில் பதித்து விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அத்தொகுப்பு பல கணினிகளில் சரியாக நிறுவப்படவே இல்லை. பழியோ, வெளியிடாத ஒன்றுக்காக டெபியன் மேல் விழ இருந்தது. குழுவினர் இதற்குச் செய்த பரிகாரம், 1.0 என்னும் எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று தம் முதல் முழு வெளியீட்டைக் கொண்டுவந்ததாகும். அதில் 474 பொதிகள் இருந்தன. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தார்கள்: முடிவுறாத தொகுப்புக்கு எண் இடாமல் பெயரிட்டு வழங்குவது என்னும் வழக்கத்தைக் கொண்டார்கள். அப்போது டெபியனுக்குத் தலைமை தாங்கிய புரூஸ் பெரென்ஸ் பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவராதலால், அந்நிறுவனத்தின் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர்கள் வெளியீடுகளுக்கு வாய்த்தன. திருத்தத்துக்குரிய தொகுப்புக்கு, அப்படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் அண்டை வீட்டுச் சிறுவனான சிட் என்பவனின் பெயர் நிலைத்தது. வெளியீட்டுக்கும் பணிக்கூடத்துக்கும் நடுவே சுவர் வேண்டும் என்ற எண்ணம் டெபியனில் உறுதிப்பட்டதற்கு, உரிய நாளுக்கு முன்னே ஊரெல்லாம் பரவிவிட்ட அந்தத் தட்டு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் சுவர் எழுந்தபின் வேறொரு துன்பம் தொடங்கிற்று. வெளியீட்டுக்கு முன்பு பணித்தொகுப்பைப் பூட்டி, பிழைகளை மட்டும் திருத்தும் காலம் ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் காலம் மாதக்கணக்கில் நீண்டது. பொட்டேட்டோ என்னும் 2.2 பதிப்பு 2000 ஜனவரியில் பூட்டப்பட்டு ஆகஸ்டில்தான் வெளிவந்தது. இதற்கு வழி காணவே 2000-இன் இறுதியில், சிட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையில் டெஸ்டிங் என்று மூன்றாவது தொகுப்பொன்றை உண்டாக்கினார்கள். ஒரு பொதி முதலில் சிட்டில் வந்து சேரும். அதன் அவசரத்துக்கேற்ப இரண்டு, ஐந்து, அல்லது பத்து நாட்கள் அங்கே இருக்கும். அதற்குள் பெரும்பிழை ஒன்றும் புதிதாகத் தெரியவராமலும், அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகள் தயாராகவும் இருந்தால், மனிதர் கை படாமலே ஒரு நிரல் அதை டெஸ்டிங்குக்கு இறக்கிவிடும். பார்ப்பதற்கு எளிய விதி. ஆயினும் அந்த ஐந்து நாளிலோ பத்து நாளிலோ பிழை தெரியவர வேண்டுமானால், சிட்டைத் தம் சொந்தக் கணினியில் ஏற்றி, உடைந்தால் உடையட்டும் என்று அன்றாட வேலையை அதிலேயே நடத்துகிறவர்கள் சிலர் இருந்தாக வேண்டும். தவணை நெறியின் தலைவாயிலில் தொடர் நெறிக்காரர் காவல் நிற்கிறார் என்ற உண்மை இங்கேதான் முதன்முதலாகத் துலங்குகிறது. இதைக் கவனியாமல் இரு நெறிகளையும் பகைவர்களாகப் பாவித்துப் பேசுகிறவர்கள் விஷயத்தின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

டெஸ்டிங் வந்த பின்னரும் தாமதம் தீரவில்லை. உடி என்னும் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்ததாகிய சார்ஜ் 2005 ஜூனில் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு மாதமே குறைவு. உடி வெளிவந்தபோதே அதில் இயல்பாக நிறுவப்பட்ட கெர்னல் 2.2 வரிசையைச் சேர்ந்தது, 2.4 வரிசை வெளியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. புதிதாக வாங்கிய கணினியின் வட்டும் திரையும் தெரியாமல் விழிக்கின்ற இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, அதன் உறுதியைப் புகழ்ந்து என்ன பயன் என்று பலர் மனம் நொந்தனர். புதிய நிறுவல் நிரலை எழுதி முடிப்பதிலும், பதினொரு வகைக் கணினிக் கட்டமைப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை ஒருங்கே ஆக்கித் தரும் ஏற்பாட்டைச் செய்வதிலும் காலம் கழிந்தது. அது சோம்பலால் நேர்ந்த தாமதமன்று. எல்லார்க்கும் எல்லாம் சரியாக இருந்தால்தான் வெளியிடுவோம் என்ற சத்தியத்தால் நேர்ந்தது.

இந்தப் பின்னணியில் 2002 மார்ச் மாதத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் வியப்புண்டாகிறது. அம்மாதம் 11-ஆம் நாள், கனடா நாட்டினரான ஜட் வினே என்பவர், கிரக்ஸ் என்னும் சிறு விநியோகத்தின் எளிமையில் மனம் பற்றி, ஆர்ச் லினக்ஸின் 0.1 பதிப்பை வெளியிட்டார். அதே மாதம் 31-ஆம் நாள், டேனியல் ராபின்ஸின் ஜென்டூ தன் 1.0 பதிப்பைக் கண்டது. இவ்விரண்டுக்கும் இடையில், அதே மார்ச்சில்தான், ரெட் ஹாட் நிறுவனம் அட்வான்ஸ்டு சர்வர் 2.1 என்ற பெயரில், பின்னாளில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று வழங்கிய வரிசையின் முதல் வெளியீட்டை வணிக ஸ்தாபனங்களுக்காகக் கொண்டுவந்தது. தவணை என்பதையே ஒழித்துவிட்ட இருவரும், தவணையை ஆண்டுக்கணக்கில் நீட்டி அதற்கு விலை வைத்த ஒருவரும் ஒரே மாதத்தில் புறப்பட்டார்கள். அதுவரை ஒரே பாதையாக வந்தது அங்கே மூன்று வாரங்களுக்குள் பிரிந்தது.

பிரிவுக்கு உகந்த காலமும் அப்போது கனிந்திருந்தது. வீடுகளுக்கு அகன்ற வலைத்தொடர்பு வந்துவிட்டபடியால், நாள்தோறும் புதிய பொதிகளை இறக்கிக்கொள்ளுவது மேலைநாடுகளில் மிகையான செலவாகத் தோன்றவில்லை. ஜென்டூவில் ராபின்ஸ் கையாண்ட வழி, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தார் வளர்த்திருந்த போர்ட்ஸ் முறையிலிருந்து உதித்தது: மென்பொருளின் மூல நிரலையே இறக்கி, அவரவர் கணினிக்கேற்ப அங்கேயே கம்பைல் செய்துகொள்ளுவது. ஒரு முழு மேசைத்தளத்தை இப்படி ஆக்கி முடிக்க அக்காலத்துக் கணினிகள் இரவும் பகலும் உழைத்தன. அதைப் பெருமையாகக் கருதினவரும் உண்டு. ஆர்ச்சின் வழி இதனினும் எளியது. ஆயத்தமான பொதிகளை பேக்மேன் என்னும் கருவியால் இறக்கிக்கொள்ளலாம். மூல ஆசிரியர் எழுதியதை விநியோகஸ்தர் இயன்றவரை திருத்தாமல் அப்படியே தரவேண்டும் என்பது அதன் கொள்கை. இங்கே வெளியீடு என்பதே இல்லை. மாதந்தோறும் வரும் நிறுவல் தட்டு அன்றைய நிலையின் ஒரு படமே ஒழியப் பதிப்பன்று.

தாமதத்துக்கு வந்த இன்னொரு மறுமொழி, தவணையை விடாமல் அதை நாட்காட்டியோடு பிணைத்துவிடுவதாகும். தென்னாப்பிரிக்கரும் முன்னாள் டெபியன் பணியாளருமான மார்க் ஷட்டில்வொர்த் 2004 அக்டோபரில் வெளியிட்ட உபுண்டு, டெபியனின் சிட்டிலிருந்து பொதிகளை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தயாரானதைக் கொண்டு வெளியிட்டே தீர்வது என்று விரதம் பூண்டது. ஆண்டும் மாதமுமே அதன் வெளியீட்டு எண். நெடுங்கால ஆதரவுடைய முதல் பதிப்பு மட்டும் 2006 ஏப்ரலுக்கு உரியதாயிருந்து ஜூனுக்குத் தள்ளப்பட்டது. ஆதலால் அது 6.06 என்று எண் பெற்றது. டெபியனும் நாளடைவில் பூட்டும் காலத்தை முன்கூட்டியே அறிவிக்கும் முறைக்கு வந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்கில் இப்போது நடந்துவருகிறது. கோயில் திருப்பணியில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நாள் குறித்துக் குடமுழுக்குச் செய்வதும், அன்றன்று விழுந்த காரையை அன்றன்றே பூசிவிடுவதும் ஆகிய இரு பணிகளில், முன்னதற்கு நாள் குறிக்கும் கலையை உபுண்டுவே எல்லார்க்கும் கற்பித்தது எனலாம்.

இனி உழைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனம் மிகவும் ஈடுபடுவது அதிலேதான். தவணை நெறியின் வெளியீடு அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. அதன் அடியில் நடக்கும் வேலையோ மிகப் பெரிது. 2014 ஜூனில் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, தன் ஆயுட்காலமான பத்தாண்டும் 3.10 என்னும் ஒரே கெர்னல் எண்ணோடு நடந்தது. அந்தப் பத்தாண்டில் மேலே கெர்னல் 6-ஆம் வரிசைக்குப் போய்விட்டது. புதிய பிழைகள் நூற்றுக்கணக்கில் தெரியவந்தன. ஒவ்வொரு திருத்தமும் புதிய கெர்னலுக்காக எழுதப்பட்டது. அதைப் பிரித்தெடுத்து, பல ஆண்டு பழைய நிரலுக்குப் பொருந்தும்படி வெட்டித் தைத்து, முன்பு ஓடியது எதுவும் நின்றுவிடாமல் சோதித்துக் கொடுப்பதை பேக்போர்ட் என்பார்கள். மாற்றமில்லை என்று வாங்குகிறவர் நம்புவதற்காக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொறியாளர்கள் இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை 2014 ஏப்ரலில் தெரியவந்த ஹார்ட்பிளீட் பிழையில் காணலாம். வலைத்தொடர்பை மறையீடு செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் அப்பிழை இருந்தது. மூல ஆசிரியர்கள் 1.0.1ஜி என்று புதிய பதிப்பை வெளியிட்டு அதை நீக்கினார்கள். டெபியனின் அப்போதைய வெளியீடான வீஸியில் 1.0.1இ இருந்தது. தவணை நெறியின்படி புதிய பதிப்புக்குத் தாவலாகாது. ஆகவே திருத்தத்தை மட்டும் புகுத்தி, பழைய எண்ணின் வாலில் ஒரு குறியை மட்டும் மாற்றி வெளியிட்டார்கள். எண்ணை மட்டும் பார்க்கிற சர்வர் நிர்வாகிக்குத் தம் கணினி இன்னும் பழுதுள்ளதாகவே தோன்றும். உள்ளே அது சீராகிவிட்டிருக்கும். அதனினும் பழைய ஸ்க்வீஸ் வெளியீட்டிலோ 0.9.8 வரிசை இருந்தபடியால் அப்பிழையே அங்குப் புகுந்திருக்கவில்லை. பழமை ஒரு பாதுகாப்பாகவும் அமைவதுண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விநியோகஸ்தர் கை வைப்பதில் அபாயமும் உண்டு. 2006-இல் டெபியனில் அதே ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு சிறு திருத்தம், சாவிகளை உண்டாக்குவதற்கு வேண்டிய தற்செயல் எண்களின் ஊற்றையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஒவ்வொரு வகையிலும் அளவிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகளே உண்டாகக்கூடிய நிலை ஏற்பட்டு, 2008 மே மாதத்தில்தான் அது வெளிப்பட்டது. மூல ஆசிரியர்களின் மனத்தாங்கலும் தனி. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்னும் திரைக்காப்பு நிரலை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி, டெபியன் தரும் தம் நிரல் பழையதாயிருப்பதால், ஏற்கெனவே திருத்திவிட்ட பிழைகளுக்காக இன்னும் தமக்கே முறையீடுகள் வருகின்றன என்று வருந்தி, பதிப்பு மிகப் பழையது என்று பயனரை எச்சரிக்கும் வாசகத்தை நிரலிலேயே வைத்தார். 2016-இல் அது பெரிய சச்சரவாயிற்று. ஃபயர்ஃபாக்ஸ் விஷயத்தில் டெபியனே வளைந்துகொடுக்க நேர்ந்தது: உலாவியின் வேகத்துக்கு ஈடாகப் பழைய பதிப்பில் திருத்தங்களைத் தைத்துக்கொண்டிருக்க முடியாதென்று கண்டு, 2013 முதல் மொசில்லாவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளையே அடுத்தடுத்து தன் நிலையான வெளியீட்டுக்குள் ஏற்றுக்கொண்டுவருகிறது. தவணை வீட்டுக்குள் தொடர் நெறிக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

தொடர் நெறியில் இந்த உழைப்பு மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. விநியோகஸ்தர் பேக்போர்ட் செய்வதிலிருந்து விடுபடுகிறார். பயன்படுத்துகிறவர் விழிப்பாயிருக்கும் கடமையை ஏற்கிறார். 2012 ஜூலையில் ஆர்ச் லினக்ஸில் நடந்ததைப் பாருங்கள். கணினியின் அடிப்படை நூலகங்கள் இருந்த லிப் என்னும் கோப்பகத்தை, யுஎஸ்ஆர் கோப்பகத்துக்குள் இருக்கும் லிப்புக்கு மாற்றி, பழைய இடத்தில் ஒரு சுட்டியை மட்டும் வைப்பதென்று முடிவாயிற்று. வேறு பொதிகளின் கோப்புகள் பழைய இடத்தில் எஞ்சியிருந்தால் பேக்மேன் கருவி புதுப்பிக்க மறுத்து நின்றுவிடும். அவற்றை எந்த வரிசையில் அகற்றவேண்டும், கட்டாயப்படுத்தும் கட்டளையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்று அறிவிப்பில் எழுதியிருந்தது. அறிவிப்பைப் படித்தவர்க்குச் சிறிது நேர வேலை. படியாமல் கட்டாயப்படுத்தினவரின் கணினியில், கோப்புகளின் பட்டியலைக் காட்டும் மிகச் சாதாரணமான கட்டளைகூட ஓடவில்லை. ஏனெனில் அக்கட்டளைக்கு வேண்டிய நூலகமே இடம் பெயர்ந்துவிட்டது. தவணை நெறியில் இத்தகைய மாற்றங்கள் பலவும் ஒன்றாகத் திரண்டு, இரண்டாண்டுக்கொரு முறை ஒரு பெரிய பெயர்ச்சியாக வரும். தொடர் நெறியில் ஒவ்வொன்றாக, முன்னறிவிப்போடு, ஆனால் நாம் ஓய்வாயிருக்கும் நாளைப் பாராமல் வரும். ஆண்டில் பாதிநாள் அணைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்த ஆர்ச் கணினியைத் திடீரென்று எடுத்துப் புதுப்பிக்க முயலுகிறவர், பொதிகளில் உள்ள கையொப்பங்களைச் சரிபார்க்கும் சாவிகளே பழசாகிவிட்டதைக் கண்டு திகைப்பதும் இந்நெறியின் இயல்பினால்தான்.

இவ்விரண்டையும் இணைக்க நடந்த முயற்சிகளில் ஓபன்சூசேயாருடையதை நான் மிகவும் மதிக்கிறேன். கெர்னல் பணியாளராகிய கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2010-இல் தொடங்கிவைத்த டம்பிள்வீட், 2014-இல் அவர்களுடைய ஃபாக்டரி என்னும் பணித்தொகுப்போடு ஒன்றாயிற்று. ஒவ்வொரு நாளின் தொகுப்பையும் ஓபன்க்யூஏ என்னும் நிரல், ஒரு மனிதர் திரைமுன் அமர்ந்து நிறுவிப் பார்ப்பதைப் போலவே தானே நிறுவி, திரையில் தோன்றுவதைப் படத்தோடு ஒப்பிட்டுத் தேறிய பின்னரே வெளியே விடுகிறது. தேறியதும் உடைந்துபோனால், முந்தின நாள் நிலைக்குக் கணினியைத் திருப்பிக்கொள்ள ஸ்னாப்பர் கருவி உண்டு. தொடர் நெறிக்கும் காவல் வேண்டும் என்பதை இவ்வளவு கண்ணியமாக ஒப்புக்கொண்டவர் வேறு இல்லை. உபுண்டுவும் 2013-இல் இடைக்கால வெளியீடுகளை விட்டுத் தொடர் நெறிக்கு மாறலாமா என்று ஆலோசித்தது. அவ்வாலோசனை அதே ஆண்டு மார்ச்சில் கைவிடப்பட்டது. வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம்ஓஎஸ்ஸை முதலில் டெபியன்மேல் கட்டியிருந்து, 2022-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவிக்காக ஆர்ச்சுக்கு மாறிற்று. ஆனால் வாங்கினவர் கையில் ஆர்ச்சின் அன்றாட ஓட்டத்தைக் கொடுக்காமல், தானே ஓர் இடத்தில் நிறுத்திச் சோதித்த பிம்பத்தைக் கொடுக்கிறது. 2020 டிசம்பர் 8-ஆம் நாள் வந்த அறிவிப்போ பலரைப் புண்படுத்தியது. ரெட் ஹாட் வெளியீட்டின் இலவசப் படியாக 2029 வரை நிலைக்கும் என்று நம்பி நிறுவிய சென்ட்ஓஎஸ் 8, 2021-இன் முடிவோடு நின்றுவிடும் என்றும், ரெட் ஹாட்டின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னே ஓடும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே தொடரும் என்றும் கேட்டபோது, தவணை என்பது வெளியிடுகிறவர் தரும் வாக்குறுதியே என்பதையும், இலவசமாகப் பெற்ற வாக்குறுதியை முறித்தால் வழக்காட மன்றமில்லை என்பதையும் சர்வர் நிர்வாகிகள் உணர்ந்தார்கள். ராக்கி, ஆல்மா என்னும் இரண்டு விநியோகங்கள் அந்த மனவேதனையிலிருந்து சில மாதங்களுக்குள் எழுந்தன.

இரு நெறிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கடன்பட்டவை என்பதை 2024 மார்ச் 29-ஆம் நாள் உலகம் கண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் சிட் ஓடும் கணினி ஒன்றில் தம் நிரலின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியை அணுக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகச் செலவாவது அவர் கண்ணில் பட்டது. வேறொருவராயிருந்தால் விட்டிருப்பர். அவர் அந்த அரை விநாடியைத் துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஜியா டான் என்ற பெயரில் உலவிய ஒருவர், இரண்டாண்டுக்கு மேலாக நல்ல உதவிகளைச் செய்து, அந்நிரலின் பொறுப்பாளராகவே உயர்ந்து, பிறகு அதைப் புகுத்தியிருந்தார். டெபியனின் சிட்டும் டெஸ்டிங்கும், ரெட் ஹாட் ஆதரவில் நடக்கும் ஃபெடோராவின் முன்னோட்டத் தொகுப்புகளும், டம்பிள்வீடும் அந்தப் பதிப்பை ஏற்றுக்கொண்டிருந்தன. டெபியன், ரெட் ஹாட், உபுண்டு ஆகியவற்றின் நிலையான வெளியீடுகளில் அது புகவில்லை. ஆர்ச்சும் அதை ஏற்றியிருந்தது. ஆனால் எஸ்எஸ்எச் நிரலைத் திருத்தி, கணினிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியோடு இணைத்திருந்த விநியோகங்களில்தான் அந்த வாயில் திறக்கக்கூடியதாயிருந்தது. மூல நிரலைத் திருத்தாமல் தரும் கொள்கையால் ஆர்ச்சில் அது எஸ்எஸ்எச்சை எட்டவில்லை.

தவணை நெறிக்காரர் இதைக் காட்டித் தம் வெற்றி என்று கூறுவதில் நியாயமுண்டு. அது முழு நியாயமன்று. ஃபெடோரா 40-உம் உபுண்டு 24.04-உம் அடுத்த மாதமே வெளிவர இருந்தன. சிட்டில் அன்றாடம் வேலை செய்கிறவர் ஒருவர் அந்த அரை விநாடியைக் காணாதிருந்தால், பூட்டி முத்திரையிட்ட வெளியீடுகளுக்குள் அந்தக் கள்ள வாயிலும் சேர்ந்து பூட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் லட்சக்கணக்கான சர்வர்களில் இருந்திருக்கும். நிலையான வெளியீட்டின் பாதுகாப்பு, நிலையில்லாததை ஏற்று ஓடுகிறவர்களின் கண்ணிலிருந்து பிறந்தது. மறுபுறமும் உண்மையே: ஆர்ச் பயனர் காலையில் இறக்கிக்கொள்ளும் புதிய கெர்னலையும் நூலகங்களையும் எழுதுகிறவர்களில் பலர்க்கு ஊதியம் தருபவை, பத்தாண்டு நிலைத்தன்மையை விற்றுப் பொருளீட்டும் ஸ்தாபனங்கள்.

இந்தச் சரித்திரத்தை மனத்திற்கொண்டு பார்த்தால், தேர்வு என்பது அந்த உழைப்பில் நம் பங்கை எந்த இடத்தில் செலுத்துவது என்பதாகவே முடிகிறது. சென்னையில் சி-டாக் ஸ்தாபனத்தார் ஆக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றது. வீட்டில் வலைத்தொடர்பு உறுதியில்லாத மாணவர்க்கும், ஒரே பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு நாற்பது கணினிகளில் நடத்தவேண்டிய ஆசிரியர்க்கும் அத்தகைய தவணை நெறியே தகும். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அப்படியே. நேற்று வெளியான வன்பொருளை வாங்கினவர்க்கும், தாம் எழுதும் நிரலை நாளைய நூலகங்களில் ஓட்டிப் பார்க்க வேண்டியவர்க்கும், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்பு அறிவிப்பைப் படித்துப் படியெடுத்து வைக்கும் பழக்கமுள்ளவர்க்கும் தொடர் நெறி பொருந்தும். அந்தப் பழக்கமில்லாதவர் புதுமைமேலுள்ள ஆசையால் மட்டும் அதில் இறங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். தவணை நெறியைத் தேர்ந்தவர் பெரும்பாலும் மறந்துவிடுவது ஒன்றுண்டு: தவணைக்கு முடிவுநாள் உண்டு, அந்நாளுக்குப் பின் திருத்தங்கள் நின்றுபோகும், கணினியோ முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். ட்ரிக்ஸி என்னும் டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 வரையிலும், பின்பு தனியொரு குழுவினர் பொறுப்பில் 2030 வரையிலும் கிடைக்கும். இன்று அதை நிறுவுகிறவர் அவ்விரு ஆண்டுகளையும் அலுவலகப் பதிவேட்டில் குறித்துவைத்து, அதற்கு முன்னரே 14-ஆம் வெளியீட்டுக்குப் பெயர்வதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கவேண்டும். ஃபோர்க்கி என்று பெயரிடப்பட்ட அந்த வெளியீட்டுக்குரிய பொதிகள் சிட்டிலிருந்து இப்போதே நாள்தோறும் டெஸ்டிங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன.